ஒரு வாட் மணிக்கு ஆறு கிராம்

2024 டிசெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெஹிவளையில் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் விறாந்தையில் இருந்தபோது, என் கைப்பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்த சிறிய பவர் பேங்கை அத்தான் கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்தார். தீப்பெட்டி இரண்டை நீளவாக்கில் சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும். பின்புறத்தில் எழுதியிருந்த 5000 மில்லி ஆம்பியர் மணி என்ற கொள்ளளவைப் படித்துவிட்டு, "இந்தக் காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டிருந்தால் பத்தாயிரமே வாங்கியிருக்கலாமே, இது எந்த மூலைக்குக் காணும்?" என்று கேட்டார். அவர் குறையாகச் சொல்லவில்லை. மின்சார விடயங்களில் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அவரிடம்தான் கேட்போம், என்னிடமும் அவர் உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அந்தக் கேள்விக்கு அன்று எனக்குச் சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. "பைக்குள் வைக்க வசதி" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி மனதைக் குடைந்துகொண்டே வந்தது. கணக்குப்படி அவர் சொன்னது சரி. இரண்டு மடங்கு கொள்ளளவு, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விலை. அப்படியிருந்தும் நான் வாங்கியது தவறில்லை என்றே மனம் சொன்னது. அந்த எண்ணத்துக்கு என்ன ஆதாரம் என்பதைத் தேடித்தான் அடுத்த மூன்று மாதங்களும் போயின.

என்னிடம் பெரிய பவர் பேங்க் இல்லாமலில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில், ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த அந்த நாட்களில் வாங்கிய 20,000 ஒன்று வீட்டில் இருக்கிறது. அந்தக் காலத்தை இங்கே விவரிக்க வேண்டியதில்லை, கொழும்பில் இருந்த எல்லோருக்கும் தெரியும். வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் நான்காம் மாடியில் மின்விசிறியும் இல்லாமல், லிஃப்டும் இல்லாமல் இருந்த இரவுகளில் அந்தக் கறுப்புப் பெட்டி அம்மாவின் தொலைபேசியையும் என்னுடையதையும் மேசையில் வைத்த சிறிய விளக்கையும் தாங்கியது. அதன்மீது எனக்கு இன்றும் நன்றி உண்டு. மின்வெட்டுகள் ஓய்ந்தபிறகும் சில வாரங்கள் அதை அலுவலகப் பையில் போட்டுக்கொண்டு போனேன். பிறகு ஒருநாள் பை கனக்கிறது என்று வெளியே எடுத்து அலுமாரியின் மேல்தட்டில் வைத்தேன். நான் அதை மறந்துபோய் வைக்கவில்லை, வேண்டுமென்றே எடுத்து வைத்தேன். இந்த வேறுபாடு பின்னால் எனக்கு முக்கியமாகப் பட்டது.

சிறியதை வாங்க வைத்தது ஒரு நவம்பர் மாலை. அம்மாவைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் விசேட வைத்திய நிபுணரிடம் கூட்டிப்போயிருந்தேன். நான்கரைக்குக் கொடுத்த நேரம் ஏழரையானது. இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் எல்லாம் என் தொலைபேசிக்குத்தான் வந்திருந்தன, தாளில் எடுத்துக்கொண்டு போகவில்லை. எங்கள் இலக்கம் வந்தபோது தொலைபேசியில் 4 வீதம் மீதி இருந்தது. வைத்தியர் முதல் அறிக்கையைப் பெரிதாக்கிப் பார்த்தார், இரண்டாவது அறிக்கையைத் திறக்கும்போது திரை கறுத்துவிட்டது. அவர் பொறுமையானவர், "அடுத்த முறை பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று மட்டும் சொன்னார். வெளியே மழை. முச்சக்கர வண்டி கூப்பிடுவதற்கான செயலியும் அதே தொலைபேசியில். 76 வயதான அம்மாவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குடையை மறு கையில் பிடித்துக்கொண்டு, கொழும்பு–காலி வீதியில் வண்டி ஒன்றை மறிப்பதற்கு நான் பட்டபாட்டை அம்மா இன்றைக்கும் ஆட்களிடம் சொல்லுவார். வீட்டுக்கு வந்து அலுமாரியின் மேல்தட்டிலிருந்த பெரிய பெட்டியை எடுத்துப் பொத்தானை அழுத்தினேன். நான்கு விளக்குகளில் ஒன்றுதான் எரிந்தது. கையோடு கொண்டுபோயிருந்தாலும் அது பெரிதாக உதவியிருக்காது, ஏனென்றால் பயன்படுத்தாத பொருளுக்குச் சார்ஜ் போட யாருக்கும் நினைவு வராது.

புறக்கோட்டையில் கேட்டது

அடுத்த சனிக்கிழமை 100ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போனேன். முதலாம் குறுக்குத் தெருவில் தொலைபேசி உறை, வயர், சார்ஜர் எல்லாம் தொங்கவிட்ட கடைகளில் ஒன்றில், என் கைவிரல் நீளமே உள்ள ஒரு பவர் பேங்கில் 20,000 என்று பொன்னிற எழுத்தில் அச்சடித்திருந்தது. விலையும் மலிவு. கடைக்கார நானாவிடம் அதைக் காட்டிக் கேட்டேன். அவர் அதையே விற்றுவிட்டுப் போயிருக்கலாம். மாறாக அதை என் ஒரு உள்ளங்கையில் வைத்து, வேறொன்றை மறு உள்ளங்கையில் வைத்தார். "பெட்டியில எழுதியிருக்கிறத விடுங்க மிஸ், கையில வெச்சுப் பாருங்க. பாரம் இல்லாம பவர் வராது" என்றார். பொன்னிற எழுத்துப் பெட்டி வெறும் கூடு போல இலேசாக இருந்தது. மற்றது, 5000 என்று மட்டும் எழுதியிருந்தது, அளவில் அதே அளவுதான் என்றாலும் கையில் ஒரு கனம் தெரிந்தது. கனமானதையே வாங்கினேன். ஆனால் நானா சொன்ன வார்த்தையின் முழுப் பொருளும் அன்று எனக்கு விளங்கவில்லை, போலிப் பொருளைக் கண்டுபிடிக்க ஒரு வழி என்ற அளவில்தான் எடுத்துக்கொண்டேன்.

அத்தானின் கேள்வி வந்தது இதற்குப் பிறகு. அவருக்கு ஆதாரத்தோடு பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக, பம்பலப்பிட்டியில் யூனிட்டி பிளாசாவில் ஒரு சிறிய யூ.எஸ்.பி. மீற்றர் வாங்கினேன். பவர் பேங்குக்கும் வயருக்கும் இடையில் அதைச் செருகினால், எவ்வளவு மின் வெளியே போகிறது என்பதைச் சின்னத் திரையில் கூட்டிக்கொண்டே போகும். ஒரு இரவு பவர் பேங்கை முழுதாகச் சார்ஜ் செய்து, மறுநாள் சாப்பாட்டு மேசையில் வைத்து, முற்றாகத் தீரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி விளக்கும் அணைந்தபோது திரையில் நின்ற எண் 3180. ஐயாயிரம் என்று விற்ற பொருள் மூவாயிரத்துச் சொச்சம்தான் தந்தது. அத்தான் சொன்னது சரியாகிவிட்டதோ, நானாவும் ஏமாற்றிவிட்டாரோ என்று அன்று முழுவதும் மனம் சோர்ந்துபோனது.

அந்தச் சோர்வு வீணானது என்பது அடுத்த நாள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது தெரிந்தது. பவர் பேங்குக்குள் இருக்கும் லித்தியம் மின்கலத்தின் பெயரளவு அழுத்தம் 3.7 வோல்ட். 5000 மில்லி ஆம்பியர் மணி என்பது அந்த 3.7 வோல்டில் சொல்லப்படும் எண். ஆனால் தொலைபேசிக்குப் போகும் வயரில் 5 வோல்ட் வரவேண்டும், ஆகவே உள்ளே இருக்கும் சிறிய மின்சுற்று ஒன்று 3.7ஐ 5 ஆக உயர்த்திக் கொடுக்கிறது. அழுத்தம் உயர்ந்தால் ஆம்பியர் மணி குறையத்தான் வேண்டும். 3.7ஐ 5 ஆம்பியர் மணியால் பெருக்கினால் 18.5 வாட் மணி, மின்கலத்துக்குள் இருக்கும் மொத்த ஆற்றலின் அளவு அதுதான். அதையே 5 வோல்டால் வகுத்தால் 3700தான் வரும், ஒரு துளியும் வீணாகாவிட்டாலும் 5000 வர வழியில்லை. மாற்றும்போது சூடாகிப் போவது போக எனக்குக் கிடைத்த 3180ஐ, அதாவது 3.18 ஆம்பியர் மணியை, 5 வோல்டால் பெருக்கினால் 15.9 வாட் மணி, அதாவது உள்ளே இருந்ததில் 86 வீதம். இந்த அளவுப் பொருளுக்கு இது நல்ல விளைச்சல். பெட்டியின் பின்புறத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வேண்டிய அளவுச் சிறிய எழுத்தில், 5 வோல்டில் மதிப்பிடப்பட்ட கொள்ளளவு 3000 என்று அவர்களே அச்சடித்திருந்தார்கள். பெரிய எழுத்தில் போடவேண்டியதைச் சிறிய எழுத்திலும், சிறியதில் போடவேண்டியதைப் பெரியதிலும் போட்டிருக்கிறார்கள். இது எனக்கு இன்றும் உறுத்தலாக இருக்கிறது. விமான நிலையத்தில் மட்டும் யாரும் மில்லி ஆம்பியரைப் பார்ப்பதில்லை, 100 வாட் மணி என்ற எல்லையைத்தான் பார்க்கிறார்கள். பயணப் பையில் போடக்கூடாது, கையோடுதான் கொண்டுபோக வேண்டும் என்ற விதியும் அந்த எல்லையும் வாட் மணியில் இருக்கும்போது, கடையில் மட்டும் ஏன் அந்த எண்ணை முன்பக்கத்தில் எழுதக்கூடாது?

கேக் தராசு

என் மனம் ஒரு முடிவுக்கு வந்தது மீற்றரால் அல்ல. கிறிஸ்மஸ் வாரத்தில் பக்கத்து வீட்டு மாமிக்காக லவ் கேக் செய்ய உதவிக்கொண்டிருந்தேன். கஜூவையும் ரவையையும் நிறுத்த இலத்திரனியல் தராசு மேசையில் இருந்தது. வேலை முடிந்து துடைக்கும்போது, நானாவின் வார்த்தை நினைவுக்கு வந்து, சிறிய பவர் பேங்கைத் தட்டில் வைத்தேன். 116 கிராம். அலுமாரியிலிருந்த பெரியதையும் எடுத்து வந்து வைத்தேன். 436 கிராம். ரவைத் தூள் படிந்திருந்த பழைய கணக்குக் கொப்பியின் பின்தாளில் இரண்டையும் எழுதினேன். பெரியதன் 20,000 என்பது 74 வாட் மணி. 436ஐ 74 ஆல் வகுத்தால் 5.9. சிறியதன் 116ஐ 18.5 ஆல் வகுத்தால் 6.3. வேறு வேறு நிறுவனங்கள், வேறு வேறு ஆண்டுகள், ஒன்று 2022இல் வாங்கியது, மற்றது 2024இல் வாங்கியது. இருந்தும் இரண்டிலும் ஒரு வாட் மணிக்கு ஏறத்தாழ ஆறு கிராம்.

அந்த இரண்டு எண்களையும் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாரம் இல்லாமல் பவர் வராது என்று நானா சொன்னது போலிகளைப் பற்றி மட்டுமல்ல என்பது அப்போதுதான் உறைத்தது. இன்றைய லித்தியம் மின்கலத்தில் ஒவ்வொரு வாட் மணிக்கும் இவ்வளவு எடை என்று ஒரு விலை இருக்கிறது. கடையில் கொடுப்பது ஒருமுறை கொடுக்கும் விலை. இதுவோ ஒவ்வொரு நாளும் காலையில் பையைத் தோளில் போடும்போது கொடுக்கும் விலை. அத்தான் தன் கணக்கில் ரூபாயை வைத்திருந்தார், கிராமை வைக்கவில்லை. அவர் மோட்டார் வண்டியில் அலுவலகம் போகிறவர், அவருடைய பவர் பேங்க் ஆசனத்துக்குப் பக்கத்தில் கிடக்கும், அதன் எடை அவர் தோளுக்குத் தெரியாது. நான் சாப்பாட்டுப் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், குடை, கண்ணாடிக் கூடு எல்லாவற்றோடும் பஸ்ஸில் நின்றுகொண்டு கொள்ளுப்பிட்டிவரை போகிறவள். அன்று இரவே பையிலிருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்தேன். மடக்குக் குடை 290 கிராம், உறையோடு தொலைபேசி 212 கிராம். அத்தான் சொன்ன பத்தாயிரம், இதே கணக்கில், 220 கிராமுக்குக் கிட்ட வரும், அதாவது பைக்குள் இன்னொரு தொலைபேசி. பெரிய பெட்டியைப் பையிலிருந்து வெளியே எடுத்து வைத்தது என் சோம்பல் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். என் தோள் தானாகவே ஒரு எல்லையைப் போட்டிருக்கிறது என்பது அந்தத் தராசைப் பார்த்தபோது தெரிந்தது.

அப்படியென்றால் 116 கிராமுக்குக் கிடைப்பது போதுமா என்பதுதான் மிச்சக் கேள்வி. என் தொலைபேசியின் பற்றரி 5000, அதுவும் 3.85 வோல்டில், அதாவது 19 வாட் மணிக்குச் சற்று மேல். சிறிய பவர் பேங்க் அதை 9 வீதத்திலிருந்து 74 வீதத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு முழு நிரப்பல்கூடக் கிடையாது. வெளியே வரும் 15.9 வாட் மணியிலும் ஒரு பகுதி தொலைபேசிக்குள் சூடாகவும், திரையும் இணையமும் சாப்பிட்டதாகவும் போய்விடுகிறது. இந்த 65 வீதத்தைக் கடையில் யாராவது சொல்லியிருந்தால் நானும் பத்தாயிரத்தைத்தான் வாங்கியிருப்பேன். ஆனால் டிசெம்பர் முதல் பெப்ரவரி இறுதிவரை, எடுத்துச் செருகும் ஒவ்வொரு முறையும் கொப்பியில் ஒரு கோடு போட்டேன். 31 கோடுகள். அவற்றில் பவர் பேங்க் முற்றாகத் தீர்ந்தது மூன்றே தடவைகள். மற்ற நாட்களில் எனக்குத் தேவைப்பட்டது 20 அல்லது 30 வீதம்: வெள்ளவத்தை வந்து சேரும்வரை, அல்லது அம்மாவின் கிளினிக் முடியும்வரை. பிரதானமாகக் கண்ட இன்னொன்று, தொலைபேசி சாகும்வரை காத்திருக்காமல் 30 வீதத்திலேயே செருகி, 70க்கு வந்ததும் கழற்றிவிட்டால் பலன் அதிகம் என்பது. தொலைபேசி 80ஐத் தாண்டியபின் மிக மெதுவாகத்தான் ஏற்கும். அந்தக் கடைசி இருபது வீதத்துக்காகப் பவர் பேங்கை ஒரு மணித்தியாலம் விழிக்க வைப்பது வீண்.

அது தோற்ற நாள்

2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிறு, முற்பகல் 11 மணி கடந்து நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை மின் உபநிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததால் வந்த தடை என்று அன்றே செய்தி வந்தது. வழமையான தடை என்று நினைத்துச் சிறிய பவர் பேங்கை அம்மாவின் தொலைபேசியில் செருகிவிட்டேன், ஏனென்றால் கனடாவிலிருந்து தம்பி பேசும் நாள் அது. பிற்பகல் இரண்டு மணிக்கு முன்பே அது தீர்ந்துபோனது. என் தொலைபேசியில் 22 வீதம். பெரிய பெட்டியை, நவம்பர் மழைக்குப் பிறகு மாதம் ஒருமுறை சார்ஜ் செய்து வந்தபடியால், அலுமாரியிலிருந்து எடுத்தபோது நான்கு விளக்கும் எரிந்தன. அடுத்த இரண்டு நாட்களும் மாலையில் ஒன்றரை மணிநேர மின்வெட்டு அறிவித்தார்கள், அப்போதும் வீட்டில் பெரியதுதான் கைகொடுத்தது. சிறியதை வீட்டு மின்தடைக்கு நம்பக்கூடாது. இரண்டு பேருக்கு ஒரு பிற்பகலைக்கூட அது தாண்டாது. இதை நான் அத்தானிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

வேறு குறைகளும் உண்டு. அம்மாவின் காதுக்கருவிப் பெட்டியை அதில் செருகினால் அரை நிமிடத்தில் தானே அணைந்துவிடும். காதுக்கருவி எடுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு, வேலை முடிந்துவிட்டது என்று பவர் பேங்க் நினைத்துக்கொள்கிறது. சில வகைகளில் பொத்தானை இருமுறை அழுத்தினால் குறைந்த மின்னோட்டத்துக்கென்றே ஒரு நிலை வரும், என்னுடையதில் அது இல்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் வாங்குகிறவர்கள் இதைக் கடையிலேயே செருகிப் பார்க்க வேண்டும். அடுத்தது சூடு. வேகச் சார்ஜில் விட்டு ஒருமுறை அளந்தேன், 15.9 வந்த இடத்தில் 15.1தான் வந்தது. ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான நேரத்தில் தன்னிடமுள்ள எல்லாவற்றையும் கொட்டிவிடச் சொன்னால் சிறிய மின்கலம் சுடத்தான் செய்யும். பையின் அடியில் சால்வைக்குள் சுற்றிக் கிடக்கும்போது வேகச் சார்ஜ் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். மதிய வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிட்டுப் போவதும் கூடாது. என் அலுவலகத் தோழி ஒருவர் அப்படி விட்ட ஒன்று பக்கம் புடைத்து, மூடி பிளந்து நின்றதை நான் என் கண்ணால் கண்டேன். புடைத்துவிட்டால் அழுத்தவோ துளைக்கவோ சார்ஜ் செய்யவோ கூடாது, வீட்டுக் குப்பையோடு போடவும் கூடாது. குப்பை லொறியில் நசுங்கினால் தீப்பிடிக்கும்.

மார்ச் மாதத்தில் அக்கா வீட்டுக்குப் போனபோது கணக்குக் கொப்பியையும் கொண்டுபோனேன். அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரவைத் தூள் ஒட்டிய அந்தத் தாளை ஆறுதலாகப் படித்தார், இரண்டு வகுத்தல்களையும் தன் தொலைபேசியில் போட்டுச் சரிபார்த்தார். "அப்ப உங்களுக்கு இது சரி, எனக்கு அது சரி" என்றார். பிறகு, "அம்மாட பைக்குள்ள என்ன இருக்கு?" என்று கேட்டார். நான் அதுவரை அதை யோசிக்கவே இல்லை. அடுத்த சனிக்கிழமை அதே நானாவிடம் போய் அதே 116 கிராமில் இன்னொன்று வாங்கினேன். அது இப்போது அம்மாவின் கைப்பையில், மருந்துச் சீட்டுக்கும் கண்ணாடிக் கூட்டுக்கும் நடுவில் இருக்கிறது. நேற்றிரவு அம்மா தூங்கியபின் எடுத்துப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். மூன்று விளக்குகள் எரிந்தன.